மனுவின் பின்பக்கம்

என் அன்புக்கும், இன்றுவரை கொஞ்சம் பயத்துக்கும் உரிய மாமாவுக்கு,

உங்கள் மூத்த மருமகன் எழுதுகிறேன். நீங்கள் போய் நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நீங்கள் இருந்தபோது நான் எழுதிய கடிதங்கள் எல்லாம் நலம் விசாரித்துத் தொடங்கும். உங்கள் மகள் கமலாவின் உடம்பைப் பற்றிய இரண்டு வரியோடு முடிந்துவிடும். இப்போது நலம் விசாரிக்க வழியில்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்கும் அதுதானே பிடிக்கும்?

முதலில் ஊர்ச் செய்தி. இந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் நேரத்துக்கு வந்தது, சம்பா தேறிவிட்டது. அறுப்புக்கு ஆள் தேடுவதில்லை. மெஷின் வருகிறது, காலைப் பொழுதுக்குள் நாலு வயலை முடித்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுகிறது. நெல்லை அரசுக் கொள்முதல் நிலையத்தில் போடுகிறோம். நீங்கள் திருக்காட்டுப்பள்ளிக்குச் சைக்கிளில் போன ஆற்றங்கரைப் பாதை இப்போது தார்ச்சாலை. உங்களைப் பார்க்க வருகிறவர்கள் மனுவோடு உட்கார்ந்திருப்பார்களே, அந்த வாசல் பெஞ்சு அப்படியே இருக்கிறது. கமலா அதில் உட்கார்ந்து கீரை ஆய்கிறாள். எனக்கு ஓய்வு கிடைத்ததும் நாங்கள் இரண்டு பேரும் உங்கள் வீட்டுக்கே வந்துவிட்டோம்.

இந்தக் கடிதம் உங்கள் நினைவு மலரில் அச்சாகப் போகிறது. உங்களைப் பார்க்காதவர்களும் படிப்பார்கள். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையே உங்களிடம் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு வந்த முதல் தேர்தல்களில் இந்தப் பக்கத்திலிருந்து சட்டசபைக்குப் போனவர்களில் நீங்களும் ஒருவர். இரண்டு முறை ஜெயித்தீர்கள், மூன்றாம் முறை தோற்றீர்கள். தோற்ற மறுநாள் காலையில் வாய்க்காலில் தூர் வாரிக்கொண்டிருந்தீர்கள் என்று கமலா சொல்வாள். நிலம் இருந்த குடும்பம் உங்களுடையது. அந்த நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருந்தீர்கள். அப்படி இருந்தும், குத்தகைக்காரரையும் பண்ணையாளையும் நினைத்தபோது வெளியேற்றக் கூடாது என்று சபையில் எழுந்து பேசினீர்கள். அதற்காகச் சொந்தக்காரர்கள் பல வருஷம் உங்கள் வீட்டு விசேஷத்துக்கு வரவில்லை. கமலாவின் கல்யாணத்துக்கு என் பக்கத்து ஆட்கள் சீர்காழியிலிருந்து ஒரு பஸ் நிறைய வந்ததால்தான் பந்தல் நிறைந்தது. எனக்கு அன்றைக்குக் காரணம் தெரியாது. உங்கள் பக்கத்து உறவு கொஞ்சம் கம்மி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நீங்கள் செய்ததில் இன்றும் கண்ணுக்குத் தெரிவது பொதுக் களம். அதன் அருமை இப்போது இருப்பவர்களுக்குப் புரிய ஓர் உதாரணம் சொல்கிறேன். பரீட்சை எழுதியவனே கதவைச் சாத்திக்கொண்டு தன் தாளைத் திருத்தினால் மார்க் என்ன வரும்? அந்தக் காலத்தில் அறுத்த நெல்லை மிராசுதார் வீட்டுக் களத்தில்தான் அடிக்க வேண்டும், அங்கேதான் அளக்க வேண்டும். மரக்கால் அவர்களுடையது, அளக்கிற கை அவர்களுடையது. நீங்கள் புறம்போக்கில் பொதுவாக ஒரு களம் போடவைத்தீர்கள். அதன்பிறகு ஊரே பார்க்க அளந்தார்கள். செய்தது இவ்வளவுதான். ஆனால் கதவு திறந்துவிட்டது.

உங்களுக்கு இன்னொரு வழக்கம் இருந்தது. யார் மனு கொண்டுவந்தாலும் காகிதத்தைத் திருப்பிப் பார்ப்பீர்கள். பின்பக்கம் வெறுமையாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவீர்கள். "எதிராளி என்ன சொல்லுவான்? அதைப் பின்னாடி எழுதிக்கிட்டு வா." அதுவும் அவன் ஒத்துக்கொள்கிற மாதிரி எழுத வேண்டும். அப்போதுதான் முன்பக்கத்தைப் படிப்பீர்கள்.

நானும் அதில் மாட்டியிருக்கிறேன், நினைவிருக்கிறதா? கல்யாணமான புதுசு. வேலை பார்த்த பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். திருக்காட்டுப்பள்ளிக்கு மாற்றல் கேட்டு நல்ல தமிழில் ஒரு மனு எழுதிக்கொண்டு, மாப்பிள்ளை முறுக்கோடு உங்கள் முன்னால் வந்து நின்றேன். நீங்கள் திருப்பிப் பார்த்தீர்கள்.

"மாப்ள, அந்த இடத்துல இப்ப ஒருத்தர் இருக்காருல்ல? அவரு ஏன் போகக்கூடாதுன்னு எழுதுங்க."

"அவரைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதே மாமா."

"தெரிஞ்சுக்கிட்டு வாங்க."

போய்ப் பார்த்தேன். அந்த ஆசிரியரின் அம்மா படுத்த படுக்கையாக இருந்தார். மதிய இடைவேளையில் அவர் வீட்டுக்கு ஓடி, அம்மாவுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு வருகிறார். பின்பக்கத்தை எழுதி முடித்தபோது முன்பக்கத்தில் எனக்கே நம்பிக்கை இல்லை. மனுவை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். ஒன்பது வருஷம் இரண்டு பஸ் மாறினேன்.

இப்போது விஷயம். உங்களுக்குச் சிலை வைக்கலாம் என்று ஊரில் ஒரு குழு சேர்ந்தது. என்னைத் தலைவராகப் போட்டார்கள். செயலாளர் கோவிந்தராசு. மேலத்தெரு விவசாயி, எடுத்த காரியத்தை முடிக்காமல் தூங்க மாட்டார். சுவாமிமலையில் ஒரு பட்டறையில் உங்கள் மார்பளவு சிலைக்கு மெழுகு உருவம்கூடத் தயாராகிவிட்டது. மூக்கு கொஞ்சம் கூராக வந்திருந்தது. கமலா சொல்லி அதைச் சரிசெய்தார்கள்.

இடம் எங்கே என்ற பேச்சு வந்தபோது கோவிந்தராசு கொஞ்சமும் யோசிக்கவில்லை. "களத்துக் கிழக்கு மூலைதான் மாப்ள சார். பஸ்ஸுல போறவன் அத்தனை பேரும் பாப்பான். அவரு வாங்கிக் குடுத்த களம். வேற எங்க வைக்கிறது?" உங்கள் ஊரில் நான் பேரன் எடுத்த பிறகும் மாப்பிள்ளைதான்.

எல்லோரும் சரி என்றார்கள். நானும் சரி என்றேன். பீடம், மேலே ஒரு கூரை, சுற்றிலும் கம்பி வேலி, ஒரு சின்னக் கதவு. கிராம சபையில் வைக்க விண்ணப்பத்தை நானே எழுதினேன். "அன்னாரின் தொண்டு இக்களம் உள்ளளவும் நிற்கும்" என்ற வரியைப் படித்துவிட்டுக் கோவிந்தராசு கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அதை அச்சடிக்கத் திருக்காட்டுப்பள்ளியில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். அங்கிருந்த பெண் தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"ஒரு பக்கமா சார், முன்னும் பின்னுமா?"

"ஒரு பக்கம் போதும்மா. பின்னாடி ஒண்ணும் இல்ல."

கையில் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். இரண்டு நிறுத்தம் தாண்டியிருக்கும். நான் சொன்ன பதில் என் காதிலேயே விழுந்தது. உங்கள் சிலைக்கான மனு, எழுதியவன் உங்கள் மருமகன், பின்பக்கம் வெறும் வெள்ளை. மடியில் வைத்துத் திருப்பிப் பார்த்தேன். நீங்கள் பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்து பார்ப்பது மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் பேனாவை எடுத்தேன். "களத்தின் பரப்பு சிறிது குறையக்கூடும். நெல் காயவைப்போருக்குச் சற்று இடையூறு நேரலாம்." மூன்றாவது வரி வரவில்லை. இந்த இரண்டு வரியும்கூட நான் கற்பனை செய்ததுதானே? களத்தில் நெல் காயவைப்பவர்கள் யாரிடமும் நாங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தெரிந்துகொண்டு வரச் சொல்லி நீங்கள் என்னை அனுப்பி ஐம்பது வருஷம் ஆகப் போகிறது. இன்னொரு தடவை கிளம்பினேன்.

களத்தில் ராசாத்தி இருந்தார். தெற்குத் தெருக்காரர். அவருடைய அப்பா பண்ணையாளாக இருந்தவர்; ராசாத்தி மூன்று ஏக்கர் குத்தகைக்கு எடுத்துச் சொந்தமாகப் பயிர் வைக்கிறார். ஒரு மகன் ஓசூரில் என்ஜினியர். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, பரப்பிய நெல்லைக் காலால் கோடு கோடாகக் கிளறிக்கொண்டிருந்தார்.

"என்ன சார், வெயில்ல வந்திருக்கீங்க? வீட்ல அம்மா வெரட்டி விட்டுட்டாங்களா?"

"உங்களத்தான் பாக்க வந்தேம்மா. இந்தக் கிழக்கு மூலையில ஐயாவுக்குச் சிலை வைக்கப் போறோம். கேள்விப்பட்டிருப்பீங்க."

"ம். கேள்விப்பட்டேன்."

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"நல்லதுதான் சார். வைங்க."

காலை நிறுத்தவே இல்லை. முப்பத்தைந்து வருஷம் வகுப்பில் நின்றவன் நான். புரிந்தது என்று சொல்லும் பிள்ளைக்கு உண்மையில் புரிந்ததா, இல்லை மணி அடித்தால் போதும் என்று இருக்கிறதா என்று கால் அசைவிலேயே தெரியும். நெல் படாத இடமாகப் பார்த்துக் களத்து விளிம்பில் உட்கார்ந்தேன். காகிதத்தைத் திருப்பி வெள்ளைப் பக்கத்தைக் காட்டினேன்.

"இது மாமாவோட பழக்கம். பின்பக்கம் எழுதாம அவர் மனு வாங்க மாட்டாரு. எனக்கு எழுத வரல. நீங்கதான் சொல்லணும்."

ராசாத்தி காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்புறம்தான் கால் நின்றது.

"சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே? இந்தக் களத்துலயே கெழக்கு மூலைதான் சார் மேடு. மழ பேஞ்சா தண்ணி மேக்கால வடிஞ்சிரும், அங்க மட்டும் முதல்ல காயும். நெல்லுல ஈரம் இருந்தா கொள்முதல்ல மெஷின வச்சுப் பாத்துட்டு, போயி காயவச்சு எடுத்துட்டு வான்னு திருப்பிருவான். சொந்தமா வீட்டுக்கு முன்னால களம் உள்ளவங்களுக்கு ஒண்ணுமில்ல. எங்க தெருவுல யாருக்கு இருக்கு? அந்த மூலை போனா போன மார்கழி மாதிரி ஒரு மழைக்கு நெல்லு மொளச்சுரும்."

நான் எழுதிக்கொண்டேன்.

"அப்புறம், வேலி போடுவீங்க. வேலிக்குக் கதவு. கதவுக்குப் பூட்டு. மழ வந்தா கூரைக்குள்ள ரெண்டு மூட்டைய இழுத்துப் போடலாம்னு பாத்தாக்கூட, சாவி எங்க இருக்கும்? உங்க வீட்ல. நாங்க வந்து வாசல்ல நின்னு ஐயா, சாவின்னு கேக்கணும். எங்கப்பா நின்ன நிப்பு போதாதா சார்?"

பேனா நின்றுவிட்டது. "இத ஏம்மா யாரும் எங்ககிட்ட சொல்லல?"

"எப்படிச் சொல்றது? வேற யாரு செலையா இருந்தாலும் நாலு பேரு கூடிச் சத்தம் போட்டிருப்போம். இது ஐயா செல. வேணாம்னு எங்க தெரு சொன்னா ஊரு என்ன சொல்லும்? களம் வாங்கிக் குடுத்தவருக்கே இடமில்லன்னுட்டாளுவ, நன்றி கெட்டவளுவன்னு சொல்லும். சொல்லுமா, சொல்லாதா?"

சொல்லும் மாமா. நானே சொல்லியிருப்பேன்.

வாய் திறக்கப் பயந்த ஆட்களைப் பேசவைத்தீர்கள் என்றுதான் என் விண்ணப்பத்தில் எழுதியிருந்தேன். அதே ஆட்கள் இப்போது உங்கள் பெயரைச் சொன்னதும் வாயை மூடிக்கொள்கிறார்கள். அப்படிச் செய்துவைத்தவர்கள் யார்? பஸ்ஸில் ஏறிப் போய் அச்சடித்துக்கொண்டு வந்தவன் நான்தானே?

ராசாத்தி இன்னொன்றும் சொன்னார். இதை எழுதத்தான் இந்தக் கடிதத்தையே ஆரம்பித்தேன்.

"பின்பக்கம் பின்பக்கம்னு சொல்றீங்களே, எங்கப்பா கதை தெரியுமா?"

"தெரியாதும்மா."

"எங்கப்பாவ மிராசு வீட்ல, நாளையிலேருந்து வயல்ல கால வைக்காதன்னுட்டாங்க. யாரையோ புடிச்சு ஒரு மனு எழுதிக்கிட்டு உங்க மாமாகிட்ட போயிருக்காரு. திருப்பிப் பாத்துட்டு, பின்னாடி எழுதிக்கிட்டு வான்னிருக்காரு உங்க மாமா. எங்கப்பாவுக்கு வந்துச்சு பாருங்க கோவம். 'ஐயா, முன்பக்கத்தையே நாங்க இப்பத்தான் எழுத ஆரம்பிச்சிருக்கோம். பின்பக்கத்த இத்தினி வருசமா அவங்களேதான் எழுதிக்கிட்டு இருந்தாங்க. அதயும் நானே எழுதணுமா?'ன்னு கேட்டுட்டு, மனுவ பெஞ்சு மேல போட்டுட்டு வந்துட்டாரு."

"மாமா என்ன சொன்னாரு?"

"அன்னிக்கு ஒண்ணும் சொல்லல. மறுநாள் காலையில சைக்கிள்ல எங்க தெருவுக்கு வந்தாரு. வீட்டு முன்னாடி கெடந்த ஒரல் மேல உக்காந்து, அந்த மனுவுக்குப் பின்னாடி அவரே எழுதினாராம். எழுதினதப் படிச்சுக் காட்டி, சரியான்னு எங்கப்பாகிட்ட கேட்டுக்கிட்டாராம். அதுலேருந்து எங்க தெரு மனு எதுக்கும் பின்பக்கம் கேக்க மாட்டாரு. அவரேதான் எழுதிக்குவாரு. எழுந்து போறப்ப சொல்லிட்டுப் போனாராம், 'வலுத்தவன்தான் பின்பக்கம் எழுதணும். எனக்கு இது தோணாமப் போச்சு'ன்னு."

இந்தக் கதை உங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. கமலாவைக் கேட்டேன், அவளுக்கும் தெரியாது. பின்பக்கம் எழுதச் சொன்னதைப் பெருமையாக நாங்கள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தோம். நீங்கள் தவறு செய்து, மறுநாளே சைக்கிளில் போய்த் திருத்திக்கொண்டதைத் தெற்குத் தெரு பத்திரமாக வைத்திருக்கிறது. எங்களிடம் ஏன் நீங்கள் சொல்லவில்லை? கூச்சமா? இல்லை, அது எங்களுக்கான பாடம் இல்லை, அவர்களுக்கான பதில் என்று நினைத்தீர்களா?

குழு கூடியது. கோவிந்தராசு கொதித்துப் போனார்.

"மெழுகு முடிஞ்சு போச்சு மாப்ள சார்! அடுத்த வாரம் உலோகம் ஊத்தப் போறான். இப்பப் போயி எடமில்லன்னா? ஒரு பொம்பளப் பேச்சக் கேட்டுக்கிட்டு..."

"ஒரு பொம்பளப் பேச்சுதான். அவங்க சொன்னதுல எது தப்பு, சொல்லுங்க?"

"தப்புன்னு யாரு சொன்னா? அப்ப செலையத் தூக்கி எங்க வைக்கிறது? ஆத்துலயா?"

கமலா எல்லோருக்கும் காபி கொண்டுவந்திருந்தாள். டம்ளர்களை வைத்துக்கொண்டே, ஏதோ கறிகாய் வாங்கச் சொல்வது மாதிரிச் சொன்னாள்.

"களத்துக்கு எதிர்த்தாப்புல, நம்ம வீட்டு மதில் மூலை ரோட்டப் பாத்துத்தானே இருக்கு? மதிலை இடிச்சுட்டு அங்க வைங்களேன். வேலி வேணாம். பெஞ்சையும் வெளியில தூக்கிப் போட்டுருங்க, பஸ்ஸுக்கு நிக்கிறவங்க உக்காரட்டும். இவ்ளோ நாளா ஊர் இடத்தையே பாத்தீங்க. எங்கிட்ட யாருங்க கேட்டீங்க?"

யாரும் கேட்கவில்லை. உண்மையில் அந்த மூலை எனக்குத் தோன்றவே இல்லை. ஊருக்காக வாழ்ந்தவர் என்று எழுதிக்கொண்டிருந்தவனுக்கு, வைக்கிற இடம் மட்டும் ஊருடையதாக இருக்க வேண்டும் என்று எப்படித் தோன்றியதோ.

கோவிந்தராசு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கடப்பாரையோடு வந்து, மதிலைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பழைய சுண்ணாம்புக் கட்டு. லேசுல விழாது" என்றார். அவர் சரி என்று சொல்லும் விதம் அது.

போன வாரம் கிராம சபை நடந்தது. நான் என் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகச் சொன்னேன். ராசாத்தி எழுந்தார். அவரும் ஒரு மனு கொண்டுவந்திருந்தார். களத்தில் எந்த மூலையிலும், யாருக்கும், எதுவும் கட்டக் கூடாது என்று தீர்மானம் போட வேண்டும் என்பது கோரிக்கை. எதிர்ப்பு இல்லாமல் நிறைவேறியது. கூட்டம் முடிந்ததும் அதன் நகலை என்னிடம் கொடுத்தார். பழக்கதோஷம், திருப்பிப் பார்த்தேன்.

பின்பக்கம் எழுதியிருந்தது. நோட்டுத் தாளில், நீல மையில், வரிகள் கொஞ்சம் மேல்நோக்கி ஏறியிருந்தன. எங்கள் பக்கத்து நியாயம். "ஐயாவைப் பார்த்தவர்கள் இந்த ஊரில் இனி கொஞ்ச பேர்தான் இருக்கிறார்கள். அவர்களும் போய்விட்டால் களம் தானாக வந்தது என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். அதனால் களத்தின் மேலேயே அவர் முகம் இருக்க வேண்டும் என்று சிலைக் குழுவினர் நினைக்கிறார்கள். அவர்கள் நினைப்பதில் நியாயம் இருக்கிறது. அவர்கள் எங்களுக்குக் கெடுதல் நினைக்கவில்லை."

என் விண்ணப்பத்தில் ஒரு பக்கம் முழுக்க எழுதியும் சொல்ல வராமல் போனதை ராசாத்தி ஐந்து வரியில் எழுதிவிட்டார். கோவிந்தராசு படித்துவிட்டு, "நம்ம மனுவையும் இவங்ககிட்டயே எழுதக் குடுத்திருக்கலாம் மாப்ள சார்" என்றார்.

நான் ராசாத்தியைக் கேட்டேன். "ஏம்மா, உங்க தெரு மனுவுக்குப் பின்பக்கம் வேணாம்னு மாமாவே விட்டுட்டாருன்னு சொன்னீங்களே? நீங்க எதுக்கு எழுதினீங்க?"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டே சொன்னார்.

"அது எங்கப்பாவுக்குக் குடுத்த சலுகை சார். எனக்கு எதுக்கு?"

மாமா, அந்த நேரத்தில் நீங்கள் அங்கே இருந்திருக்க வேண்டும். வேறொன்றும் சொல்லத் தெரியவில்லை.

அந்தக் காகிதத்தைச் சட்டமிட்டு வைக்கலாம் என்றேன். இரண்டு பக்கமும் தெரிகிற மாதிரி எப்படிச் சட்டமிடுவீர்கள் என்று கமலா கேட்டாள். அதனால் வாசல் பெஞ்சுக்கு அடியில் இருக்கும் டிராயரில் வைத்திருக்கிறேன். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம்.

சிலை பங்குனியில் வருகிறது. மூலையில் வேலி இருக்காது, பூட்டு இருக்காது. உங்கள் முகம் களத்தைப் பார்த்தபடி இருக்கும். மழை வந்தால் ஓடி வருகிறவர்கள் மூட்டைகளை இறக்கிவைக்க எங்கள் வாசல் நடையை அகலமாகத் திறந்துவைப்போம், கேட்கவே வேண்டியிருக்காது. இனி இந்த வீட்டிலிருந்து எந்த மனு போனாலும் பின்பக்கத்தை நானே எழுதுவேன், கேட்டுத் தெரிந்துகொண்டு. நாங்கள்தான் இன்னும் வலுத்தவர்கள். இதை உங்கள் பெயரில் வாக்காகத் தருகிறேன்.

மதில் நாளைக்கு இடிபடுகிறது. கோவிந்தராசு விடியும்போதே வந்துவிடுவார்.

இப்படிக்கு,
இரண்டு பஸ் மாறியதற்கு இன்றைக்கும் வருத்தப்படாத,
உங்கள் மூத்த மாப்பிள்ளை